சீட்டி அடிக்க ஒரு பல் செட்

மார்ச் 4

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

நான் நலம். உங்களுக்கென்ன, நன்றாகத்தான் இருப்பீர்கள்.

நம் பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நானாக உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. "போன் பண்ணிப் பேசிடேம்மா, ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும்" என்றாள் உங்கள் மருமகள். போனில் சொன்னதை அப்புறம் சொல்லவே இல்லை என்று சாதிக்கலாம். எழுதியதை அப்படிச் செய்ய முடியாது. அதோடு, எனக்கு இப்போது மேல்வரிசையில் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. செட் போட்டாலும் வாயைத் திறந்தால் பாதி காற்று. உங்களிடம் அப்படிப் பேச என் மானம் இடம் கொடுக்கவில்லை.

எனக்குச் சீட்டி அடிக்க வரும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதது போல் இருக்க வேண்டாம். கல்யாணத்தன்று மண்டபத்துப் பின்கட்டில் பால் அண்டாவைக் கழுவிக்கொண்டே அடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பச்சைப் புடவையோடு, ஏடு படிந்த காபியை இடது கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றீர்கள். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிறவர் மாதிரி என் வாயையே பார்த்தீர்கள். பாட்டு முடிந்ததும் "பரவாயில்லை" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனீர்கள். நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை.

சின்ன வயதில் "பொம்பளப் புள்ளைக்கு என்ன விசிலு?" என்று அப்பா வாயில் தட்டினார். அப்புறம் கட்டியவர், "அக்கம்பக்கத்துல என்ன நெனப்பாங்க?" என்றார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் வாய்க்கு விடுதலை கிடைத்தது. மெஷின் போடுகிற இரைச்சலில் நான் எவ்வளவு அடித்தாலும் எனக்கு மட்டும்தான் கேட்கும். வேலை போகும்வரை அப்படியே அடித்தேன். ஒரே ஒரு நாள் மெஷின் எதுவும் ஓடாத ஒரு பெரிய கூடத்தில், கடைசி நாற்காலிக்காரருக்கும் கேட்கும்படி அடிக்க வேண்டும். என் ஆசை இவ்வளவுதான். வேறு எதற்கும் நான் இப்படி ஏங்கியதில்லை.

போன நவம்பரில் செருப்புத் தைக்கும் கடையில் காத்திருந்தபோது அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் எங்கள் ஊர் பேண்டு மாஸ்டர். "அம்மா, நீங்களா? நான் கடைக்காரர் ரேடியோ வெச்சிருக்கார்னு நெனச்சேன்" என்றார். கூப்பிட்டுச் சோதித்துப் பார்த்தார். மே 25ஆம் தேதி நகர மண்டபத்தில் அவர்கள் கச்சேரி. ஒரு மெதுவான பாட்டில் நடுப்பகுதி முழுக்க என் சீட்டி மட்டும்தான் என்று முடிவானது.

ஜனவரியில் ஈறு பழுத்துப் போனது. ஆடிக்கொண்டிருந்ததெல்லாம் பிடுங்கியாயிற்று. டாக்டர் செய்து கொடுத்த செட் பார்க்க அழகு, மெல்லவும் சுகம். சீட்டி மட்டும் இல்லை. சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம்தான் வருகிறது. டாக்டர் நல்ல பிள்ளை. "நான் மெல்றதுக்குத்தான் செஞ்சேன் பாட்டி. விசிலுக்குச் செய்யத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா, நானே அச்செடுத்துத் தரேன்" என்றார்.

பல் செட் செய்கிறவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்தர். அது நீங்களாக இருப்பது என் தலையெழுத்து.

என் பழைய முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. சீட்டி அதிலிருந்துதான் வந்தது. அதே சந்தோடு ஒரு செட் வேண்டும். முடியாது என்றால் சுருக்கமாக எழுதவும். காரணமெல்லாம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா


மார்ச் 11

மருமகளின் அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. இன்னொரு தடவை படித்துவிட்டு, பூட்டி வைத்திருந்த பட்டறை அறையைத் திறந்து தூசி தட்டினேன்.

அன்று நான் கட்டியிருந்தது பச்சை இல்லை, மயில்கழுத்து நிறம். வாயைப் பார்த்தது உண்மை. வாழ்நாள் முழுக்கப் பல் செட் செய்தவள் வேறெதைப் பார்ப்பாள்? என் மகனுக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட உங்கள் மகளின் கடைவாய்ப் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தேன்.

ஆனால் நான் சொன்னது "பரவாயில்லை" இல்லை. "பரவாயில்லையே!" என்று சொன்னேன். அசந்துபோய்ச் சொன்னேன். அந்த "யே" நீங்கள் கழுவிய அண்டாவுக்குள் விழுந்துவிட்டது போலிருக்கிறது. ஒரு எழுத்துக்காக ஒன்பது வருடமா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

பல்லுக்கு நடுவே இருக்கும் சந்தை அடைத்துத் தரச் சொல்லித்தான் எல்லோரும் வருவார்கள். சந்து வைத்துக் கேட்ட முதல் ஆள் நீங்கள். சந்துக்கும் சீட்டிக்கும் சம்பந்தம் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் கேட்டபடி செய்கிறேன். இல்லாவிட்டால் அதற்கும் ஒரு ஒன்பது வருடம் ஆகும்.

இன்னொன்றும் சொல்கிறேன். நல்ல பல் செட் என்றால், அது செட் என்று யாருக்கும் தெரியக் கூடாது. நான் செய்த பல்லோடு எத்தனையோ பேர் கல்யாணத்தில் சிரித்திருக்கிறார்கள், மேடையில் பேசியிருக்கிறார்கள். யாராவது திரும்பிப் பார்த்துவிட்டால் என் வேலை கெட்டது என்று அர்த்தம். அப்படியே காலம் போய்விட்டது. நான் செய்த ஒன்று ஒரு தடவையாவது நாலு பேர் காதில் விழட்டுமே என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது.

டாக்டரிடம் மேலும் கீழும் அச்செடுத்து, பஞ்சு சுற்றி, பஸ் பார்சலில் அனுப்பவும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகனின் அம்மா


மார்ச் 16

சம்பந்தி அம்மாவுக்கு,

அச்சு இத்துடன் வருகிறது. பார்சல் ஆபீசில் "உள்ள என்ன?" என்று கேட்டார்கள். "என் வாய்" என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

உங்கள் "யே" வந்து சேர்ந்தது. இவ்வளவு தாமதமாக வந்ததை உடனே உள்ளே விட முடியாது. வாசலில் இருக்கட்டும், யோசித்துச் சொல்கிறேன்.

இப்போது எழுதப் போவது எழுத மனம் வராத விஷயம். வருடா வருடம் பள்ளி லீவில் மே மாதம் முழுக்க நம் பேத்தி வாலு என்னிடம்தான் இருப்பாள். உங்களுக்குச் சனி ஞாயிறு. அது பிள்ளைகள் செய்த ஏற்பாடு, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த வருடம் மே மாதம் காலையும் மாலையும் ஒத்திகை. "கொழந்தைய வெச்சுக்கிட்டு முடியாதும்மா. ரெண்டுல ஒண்ணு பாருங்க" என்று பேண்டு மாஸ்டர் சொல்லிவிட்டார். ராத்திரியெல்லாம் புரண்டேன். பல் பிடுங்கியபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. மே மாதத்தை உங்களுக்குத் தருகிறேன். இரவல்தான்.

அவளைச் சுவர்ப் பக்கம் படுக்க வைக்கவும், உருளுவாள். பால் குடித்துவிட்டேன் என்று சொன்னால் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்கவும். கதை சொல்லும்போது புலி செத்துவிட்டால் அழுவாள், புலியைக் காட்டுக்குள் அனுப்பிவிடவும். உங்களைப் பெரிய பாட்டி என்று கூப்பிடப் பழக்க வேண்டாம். நாம் இரண்டு பேரும் ஒரே உயரம்.

மருமகளின் அம்மா


ஏப்ரல் 2

மருமகளின் அம்மாவுக்கு,

செட் இத்துடன் வருகிறது. சந்து நீங்கள் கேட்டபடியே இருக்கிறது. அளவு அச்சில் கிடைக்காது, பிடுங்கிய பல்லை அச்சில் எங்கே தேடுவது? பின்கட்டில் நின்று நான் பார்த்த பார்வையிலிருந்துதான் செய்தேன். அன்று நான் பார்த்ததற்கு இன்றைக்கு ஒரு பிரயோஜனம்.

டாக்டரிடம் காட்டி, ஈறில் குத்துகிறதா என்று பார்த்த பிறகு போடவும்.

வாலுவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த மாதம் உங்களுக்கு என்ன என்பது எனக்குத் தெரியும். மற்ற பதினொரு மாதத்துச் சனி ஞாயிறும் எனக்கு அப்படித்தான். பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

மருமகனின் அம்மா


ஏப்ரல் 8

சம்பந்தி அம்மாவுக்கு,

வரவில்லை.

போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். என் பழைய முகம் அப்படியே இருந்தது. அந்தச் சந்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது, அதை ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் உதட்டைக் குவித்து ஊதினேன். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் "உஸ்" என்று ஒரு சத்தம் வருமே, அதுதான் வந்தது. அதற்கு அப்புறம் விசில் வரவே இல்லை. காலையில் ஊதினேன், துணி மடிக்கும்போது ஊதினேன், பஸ்ஸில் வாயைப் பொத்திக்கொண்டு ஊதினேன். உதடு வெடித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி வந்து, "அக்கா, உங்க வீட்டுல யாருக்காவது மூச்சு வாங்குதா?" என்று கேட்டாள்.

பேண்டு மாஸ்டர் தன்மையாகத்தான் பேசினார். "மே அஞ்சு வரைக்கும் பாக்கறேம்மா. அதுக்கு மேல முடியாது. புல்லாங்குழல்காரர் அந்த எடத்தப் பழகிக்கட்டும்" என்றார். புல்லாங்குழல்காரர் பழகிக்கொண்டிருக்கிறார். நன்றாகவும் வாசிக்கிறார். அதுதான் வயிற்றெரிச்சல்.

என் மே மாதத்தையும் கொடுத்தேன். உங்கள் செட்டையே போட்டுப் பழகுவதற்காக, கடினமானது எதையும் கடிக்காமல் ரஸ்க்கைச் சூப்பில் நனைத்துத் தின்றுகொண்டிருக்கிறேன். இதற்கு மேல் என்னிடம் கொடுக்க என்ன இருக்கிறது? வேண்டுமென்றே செய்தீர்கள் என்று சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளவும்.

மருமகளின் அம்மா


ஏப்ரல் 19

மருமகளின் அம்மாவுக்கு,

குறித்துக்கொண்டேன்.

பதில் தாமதமானதற்குக் காரணம், நான் சீட்டி கற்றுக்கொண்டிருந்தேன். சீட்டி அடிக்கத் தெரியாமல் சீட்டிக்குப் பல் செய்ததுதான் தப்பு என்று உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் புரிந்தது. என் பல் எல்லாம் என் சொந்தப் பல், நமக்கு வராமல் எங்கே போகும் என்று நினைத்தேன். ஒரு வாரம் வெறும் காற்று. சிலிண்டர் போட வந்தவர் சமையலறைக்கு ஓடி, "கேஸ் லீக் ஆகுதும்மா, நெருப்பு எதுவும் பத்த வெக்காதீங்க" என்று சொல்லி ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டார். நான்தான் லீக் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மூன்று ரெகுலேட்டர் மாற்றிப் பார்த்தார்.

நேற்று ஒரு சத்தம் வந்தது. ஒரே சத்தம்தான், குருவிக் குஞ்சு மாதிரி. அதைப் பிடித்துக்கொண்டு என் வாயை நானே ஆராய்ந்தேன். சந்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முன்பல்லுக்குப் பின்னால் மேலண்ணத்தில் வரிவரியாக ஒரு மேடு இருக்கிறதே, செட்டைக் கழற்றிவிட்டு நாக்கால் தடவிப் பாருங்கள். இருட்டில் சுவரைத் தடவி ஸ்விட்சைத் தேடுகிற மாதிரி, நாக்கு அந்த மேட்டைத் தொட்டுத்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. நான் அதன் மேல் வழவழவென்று தகடு போட்டு மூடிவிட்டேன். பளபளப்பாக இருக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு. உங்கள் நாக்கு ஸ்விட்ச் கிடைக்காமல் உள்ளே அலைகிறது.

இனிச் செய்ய வேண்டியது: செட்டைத் துடைத்துக் காய வைத்து, அண்ணப் பக்கம் சலித்த மாவை மெல்லியதாகத் தூவவும். நாக்குப் படாமல் மாட்டிக்கொண்டு, ஒரே ஒரு தடவை ஊதவும். உடனே கழற்றவும். நாக்குப் பட்ட இடத்தில் மாவு அழிந்திருக்கும். அந்த இடத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பவும். எவ்வளவு சுரண்ட வேண்டும், எங்கே மேடு வைக்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

நீங்கள் கொடுத்தது வீணாகாது.

மருமகனின் அம்மா


ஏப்ரல் 24

சம்பந்தி அம்மாவுக்கு,

மாவு தூவி, ஊதி, வரைந்து அனுப்பியிருக்கிறேன். முதல் தடவை தும்மிவிட்டேன். கண்ணாடி முழுக்க மாவு. இரண்டாவது தடவை சரியாக வந்தது. நான் போகாத ஊருக்கெல்லாம் என் பல் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருக்கிறது.

இப்போது வேறு விஷயம். உங்கள் மருமகள் நேற்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். உங்கள் வலது கண்ணில் புரையாம். ஏப்ரல் முதல் வாரமே ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்களாம். நீங்கள் வேண்டாம் என்று தள்ளிப் போட்டீர்களாம். பாதிக் கண்ணை வைத்துக்கொண்டா இதைச் சுரண்டினீர்கள்? யார் கேட்டது? நான்தான் கேட்டேன், ஆனால் கண்ணைக் கொடுத்துச் செய்யச் சொல்லியா கேட்டேன்? ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? நான் போன கடிதத்தில் அவ்வளவு எழுதியும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறீர்களே, என்ன அழுத்தம் உங்களுக்கு!

உடனே போய் ஆபரேஷன் செய்துகொள்ளவும். கச்சேரி போனால் போகட்டும் என்று எழுத வந்தேன். கை வரவில்லை. பொய் எழுத எனக்குத் தெரியாது. கச்சேரி போகக் கூடாது. உங்கள் கண்ணும் போகக் கூடாது.

அந்த "யே"யை உள்ளே விட்டுவிட்டேன். அன்று நாங்கள் கொடுத்த காபியில் ஏடு படிந்திருந்தது என்னவோ உண்மை.

மருமகளின் அம்மா


மே 2

மருமகளின் அம்மாவுக்கு,

திருத்திய செட் இத்துடன் வருகிறது. தகட்டை முட்டை ஓடு மாதிரி மெல்லியதாக்கி, பின்னால் வரி வரியாக மேடு வைத்திருக்கிறேன். என் கண் பார்க்காததை விரல் பார்த்துக்கொண்டது. அழாமல் படிக்கவும், நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். சந்தையும் விட்டுவைத்தேன். சீட்டிக்கு அது தேவையில்லை, உங்கள் முகத்துக்குத் தேவை.

இதைப் போட்டுக்கொண்டு ரஸ்க்கைக்கூடக் கடிக்கக் கூடாது, உடைந்துவிடும். சாப்பிட டாக்டர் கொடுத்த செட், ஊத இது.

ஆபரேஷனுக்கு மே 25 கொடுத்திருக்கிறார்கள். வேறு நாள் கேட்டுப் பார்த்தேன். "இனிமே தள்ளிப் போட்டா நான் பொறுப்பில்லம்மா" என்று கண் டாக்டர் சத்தம் போட்டார். அதனால் நான் கச்சேரிக்கு வர முடியாது. வரலாம் என்று மயில்கழுத்துப் புடவையை எடுத்து வைத்திருந்தேன்.

எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

வாலு நேற்று வந்தாள். பால் குடித்துவிட்டதாகச் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பூனை எனக்கு நன்றி சொன்னது.

மருமகனின் அம்மா


மே 4

சம்பந்தி அம்மா!

வந்துவிட்டது!

பார்சல் ஆபீசிலேயே பிரித்து, அங்கே இருந்த குழாயில் கழுவி, மாட்டிக்கொண்டு ஊதினேன். முதல் ஊதலிலேயே வந்தது. மூட்டை தூக்குகிறவர் கூப்பிட்டேன் என்று நினைத்து ஓடி வந்தார். டாக்டரிடம் காட்டவில்லை, நாளைக்குக் காட்டுகிறேன், திட்ட வேண்டாம். அங்கிருந்து நேராக பேண்டு ஹாலுக்குப் போய், வாசலில் நின்றே முழுப் பாட்டையும் அடித்தேன். பேண்டு மாஸ்டர் உள்ளே இருந்து, "புல்லாங்குழல் சார், நீங்க உங்க பழைய எடத்துக்கே போயிடுங்க" என்று கத்தினார். அவரும் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். நல்ல மனிதர். நான் நினைத்த மாதிரி இல்லை.

மேல் சுரம் மட்டும் இன்னும் கீச்சென்கிறது. அது என் பாடு, பழகிக்கொள்வேன்.

பயப்பட வேண்டாம். எங்கள் சலவைக்கூடத்துக்குக் கண் வார்டுத் துணி தினமும் வரும். இவ்வளவு வருடத்தில் அந்த மூட்டையில் ஒரு சொட்டு ரத்தம் பார்த்ததில்லை. நான் சொன்னால் நம்புங்கள்.


மே 26

சம்பந்தி,

கண்ணில் கட்டோடு இருப்பீர்கள், இதை வாலு படித்துக் காட்டட்டும். வாலு, நிறுத்தி நிதானமாகப் படி. எழுத்துப் பிழை வந்தால் இந்தப் பாட்டி வேண்டுமென்றே எழுதியது என்று வைத்துக்கொள். நடுவில் அந்தப் பாட்டியின் கண் கட்டைத் தொடாதே.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நேற்றுச் சாயங்காலம் மருமகன் போன் பண்ணினார். அதைக் கேட்ட பிறகுதான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். போன் வந்திருக்காவிட்டால் கிளம்பியிருப்பேனா என்று கேட்க வேண்டாம். கிளம்பியிருப்பேன். ஆனால் மோசமாக அடித்திருப்பேன்.

மண்டபம் நிறைந்துவிட்டது. மகளைக் கடைசி வரிசையில் கடைசி நாற்காலியில் உட்காரச் சொன்னேன். கேட்டால் கையைத் தூக்க வேண்டும், கேட்காவிட்டால் பேசாமல் இருக்க வேண்டும், அம்மா பாவம் என்று பொய்யாகத் தூக்கக் கூடாது என்று சொல்லி வைத்தேன்.

என் இடம் வந்தது. பேண்டு மாஸ்டர் மற்ற எல்லோரையும் அடக்கிவிட்டு என்னைப் பார்த்தார். ஊதினேன். ஒன்றும் வரவில்லை. வாய் காய்ந்து உதடு ஒட்டிக்கொண்டது. முன்வரிசையில் ஒருத்தர் "அச்சோ" என்றது காதில் விழுந்தது. ஆள் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன். பேண்டு மாஸ்டர் பதறவில்லை. கையை ஒரு சுற்றுச் சுற்றினார். எல்லோரும் முதலில் வாசித்ததையே இன்னொரு தடவை வாசித்தார்கள், அதுதான் பாட்டின் முறை என்பது போல. அதற்குள் நான் எச்சிலைக் கூட்டி, நாக்கால் நீங்கள் வைத்த மேட்டைத் தடவிப் பார்த்தேன். வரி வரியாக இருந்தது. சரி, இங்கேதான் இருக்கிறோம் என்று தோன்றியது.

அப்புறம் வந்தது, சம்பந்தி. எப்படி வந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. மெஷின் இரைச்சல் இல்லாமல் என் சீட்டியை அவ்வளவு பெரிய இடத்தில் நான் கேட்டதே இல்லை. கூரை வரைக்கும் போய்த் திரும்பி வந்து என் காதிலேயே விழுந்தது. இது யாரடா என்று இருந்தது. மேல் சுரம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். கீச்சென்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் மகள் ஒரு கை இல்லை, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்தே நிற்கிறாள். பின்னால் மறைப்பதற்கு யாரும் இல்லாததால் ஒருத்தரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

கைதட்டினார்கள். "இன்னொரு தடவ!" என்று கத்தினார்கள். இன்னொரு தடவை அடித்தேன். மறுபடியும் கைதட்டல். பேண்டு மாஸ்டர் மைக்கை என் பக்கம் திருப்பி, "ரெண்டு வார்த்த பேசுங்கம்மா" என்றார்.

அப்போது எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். விரலை விட்டுச் செட்டைக் கழற்றி, விளக்கு வெளிச்சத்தில் எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தேன். "இதப் பண்ணது என் சம்பந்தி!" என்று மைக்கில் சொன்னேன்.

பல் இல்லாத வாயில் வேறு என்ன வரும்? "இஃபப் பண்ணஃபு என் ஃபம்பஃபி" என்று கேட்டிருக்கும். யாருக்கும் ஒரு எழுத்தும் புரியவில்லை. பேண்டு மாஸ்டர் குனிந்து, "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்றார்.

மறுபடியும் மாட்டிக்கொண்டேன். நேராக நின்றேன். "இந்தப் பல்லச் செஞ்சது என் சம்பந்தி. பொண்ணோட மாமியார். ஒரு கண்ணுதான் தெரியும், அந்தக் கண்ண வெச்சுக்கிட்டுச் செஞ்சாங்க. விசிலடிச்சது பாதி நானு, பாதி அவங்க. இன்னிக்கு ஆஸ்பத்திரியில படுத்திருக்காங்க, அதான் வரல. நீங்க தட்டுறத நான் எழுதி அனுப்புறேன், நல்லாத் தட்டுங்க" என்றேன்.

தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். புல்லாங்குழல்காரர் குழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். "அச்சோ" சொன்னவர்கூடத் தட்டினார், ஆனால் அவரை நான் விடுவதாக இல்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் தன் செட்டையும் கழற்றி ஆட்டிக் காட்டினார். அவர் மனைவி அவர் தொடையில் கிள்ளியது மேடையிலிருந்தே தெரிந்தது.

உங்களுக்கு விழுந்த கைதட்டல் எனக்கு விழுந்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரம் விழுந்தது. எழுதி அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்ததால் எழுதிவிட்டேன். ஆனால் இதை நான் மனதில் வைத்துக்கொள்வேன்.